மயிரிழைப் படிவம்

ஒரு மனிதனுக்கு வயிறு எரிய ஒரு காரணம் போதும். சலவை வண்டி ஓட்டுநருக்கு அன்று காலை பதினேழு காரணங்கள் கிடைத்தன. பதினேழையும் ஒலிபெருக்கியில் நிறுத்தி நிதானமாக வாசித்தார்கள்.

பெரிய மருத்துவமனை அது. ஆயிரம் படுக்கை. அத்தனை படுக்கையின் அழுக்கு விரிப்புகளையும் அள்ளிக்கொண்டு போய், துவைத்து மடித்ததைத் திரும்பக் கொண்டுவந்து இறக்குவது அவர் வேலை. வார்டுகளுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அதற்குள் வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனால்தான் மூட்டை இறக்க முடியும். சந்து முழுக்க ஆட்கள்: ஊன்றுகோல் வைத்தவர்கள், சக்கர நாற்காலி தள்ளுபவர்கள், பிளாஸ்க்கோடு வழி கேட்பவர்கள், மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டே நடப்பவர்கள். இருபத்திரண்டு வருஷமாக அவர் ஒரே காரியத்தைச் செய்துவந்தார். ரிவர்ஸ் கியர் போடுமுன் இறங்குவார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார். குனிந்து அடியில் பார்ப்பார். பின்கதவில் விரலை மடக்கி டொக், டொக் என்று இரண்டு தட்டுத் தட்டுவார். அப்புறம்தான் ஏறுவார். அதனால் மருத்துவமனை முழுக்க அவர் பெயர் டொக்டொக். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அன்று ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்த பரிசு அவருக்கில்லை. பரிசு வாங்கியவர் அவருடைய சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஆக்ஸிஜன் சிலிண்டர் வண்டி ஓட்டுவதால் எல்லாருக்கும் அவர் சிலிண்டர். வேலைக்கு வந்து நான்கு வருஷம். அந்த நான்கு வருஷத்தில் சமையல்கட்டுச் சுவர் இரண்டு முறை விழுந்து இரண்டு முறை எழுந்துவிட்டது. ஆள் நல்லவர்தான். சிரித்த முகம். அந்தச் சிரிப்பைத்தான் டொக்டொக்கால் பார்க்க முடியவில்லை.

எல்லாம் பின்னோக்கு ஓட்டப் பாதுகாப்புப் பிரிவு வந்ததால் வந்த வினை. நடந்து போகிறவர்களை வண்டிகளிடமிருந்து காப்பாற்றுவதற்காக ஏற்படுத்திய பிரிவு. அதற்கு ஓர் அறை வேண்டுமே? வளாகத்தில் காலியாக இருந்தது நடைபாதை மட்டும்தான். அதன்மேல் தகரக் கூரை போட்டு, மின்விசிறி மாட்டி, நாலு மேஜை போட்டார்கள். நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஜனம் சாலையில் இறங்கி வண்டிகளுக்கு நடுவே நடக்கத் தொடங்கியது. இதனால் பிரிவின் தேவை இன்னும் நன்றாக உறுதிப்பட்டது. அடுத்த வாரமே எல்லா வண்டிகளின் பின்கண்ணாடியிலும் 'பின்னால் பார்த்து ஓட்டவும்' என்று முழ அகலத்தில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒட்டிய பிறகு பின்னால் எதுவும் தெரியவில்லை.

அப்புறம் வந்தது படிவம். அதன் முழுப் பெயர் 'நிகழவிருந்து தவிர்க்கப்பட்ட விபத்து குறித்த அறிவிப்புப் படிவம்'. ஓட்டுநர்கள் வாயில் அது மயிரிழைப் படிவம் ஆகிவிட்டது. யார்மீதாவது மோதப் போய் மயிரிழையில் தப்பினால் எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு இடங்களில் இதை வைத்து நல்ல காரியம் செய்கிறார்களாம். எங்கே தப்பியதோ அங்கே ஒரு கண்ணாடி மாட்டுவார்களாம், கோடு போடுவார்களாம். இங்கே படிவங்களை எண்ணினார்கள். அதிகம் கொடுத்தவர் சட்டையில் பேட்ஜ் மாட்டினார்கள்.

"மூன்றாம் தேதி, மருந்துத் தட்டோடு போன செவிலியர்," என்று ஒலிபெருக்கி வாசித்தது. "ஏழாம் தேதி, நம் பிரிவின் பாதுகாப்பு பேனரைக் கட்டிக்கொண்டிருந்தவர். ஒன்பது, பதினொன்று, பதினான்கு, பத்தொன்பது ஆகிய தேதிகளில் வாசல் காவலாளி..."

காவலாளி கூட்டத்தின் ஓரத்தில் நின்று, செய்யாத தப்புக்கு மாட்டிக்கொண்டவர்போல் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் கை தட்டினார்கள்.

பாதுகாப்பு அதிகாரி மைக்கைப் பிடித்தார். அவர் பஸ்ஸில் வருகிறவர். ஸ்டியரிங்கைத் தொட்டதே கிடையாது.

"நண்பர்களே! மோதாம இருக்கிறது ஒரு பெரிய விஷயமே இல்ல. வீட்டுல படுத்துத் தூங்குறவன்கூடத்தான் யார் மேலயும் மோதல. மோதப் போயி, கடைசி நொடியில நிறுத்துறான் பாருங்க, அவனுக்குத்தான் பாதுகாப்பு உணர்வுன்னு ஒண்ணு இருக்கு! நம்ம சிலிண்டர் ஓட்டுநர் போன ஒரே மாசத்துல பதினேழு உயிரைக் காப்பாத்தியிருக்கார். யாருகிட்டேருந்து? தன்கிட்டேருந்தே! இதைவிட ஒரு தியாகம் உண்டா?"

சிலிண்டருக்கே கண் கலங்கிவிட்டது. 'பாதுகாப்புச் சுடர்' என்று பொறித்த வட்டமான பித்தளை பேட்ஜ் அவர் நெஞ்சில் ஏறியது. வெள்ளிக் கோடு போட்ட ஆரஞ்சுச் சட்டை ஒன்றும் கொடுத்தார்கள். டொக்டொக்கின் பெயரும் வாசிக்கப்பட்டது, கடைசியில்: "சலவை வண்டி, இருபத்திரண்டு ஆண்டுகள், படிவம் ஏதும் இல்லை. செயல்பாடு பூஜ்யம்."

வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எரிந்தது.

பேட்ஜோடு போயிருந்தால் பரவாயில்லை. மாதக் கடைசியில் தலைமை ஓட்டுநர் ஓய்வு பெறுகிறார். அந்த வேலைக்கு ஒரு தனி அறை உண்டு, கை வைத்த நாற்காலி உண்டு, ஒரு ஜீப் உண்டு. டொக்டொக் அந்த நாற்காலியைப் பதினோரு வருஷமாக ஜன்னல் வழியே பார்த்துவருகிறார். அதன் இடது கையில் பெயின்ட் எங்கே உரிந்திருக்கிறது என்பது வரை அவருக்குத் தெரியும். இப்போது அதுவும் படிவக் கணக்கில்தான் போகும் என்று சுற்றறிக்கை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் டிவிக்கு மேலே இருந்த கடிகாரத்தைக் காணோம். அந்த ஆணியில் சிலிண்டர் பேட்ஜ் வாங்கும் படம், தங்க நிற பிரேமில், தொங்கியது. அதன் கீழே சிலிண்டரே ஆரஞ்சுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையில், வீட்டுக்குள், அந்தச் சட்டை!

"பெரிய மாப்பிள்ளை, உங்களுக்கு எப்ப குடுக்கப் போறாங்க?" என்று மாமியார் காபியை நீட்டிக்கொண்டே கேட்டார். வெள்ளந்தியான கேள்வி. கத்தியால் குத்தியிருந்தால் ஆறியிருக்கும்.

"அண்ணே, நான் வேணா ஒரு யோசனை சொல்லட்டுமா?" என்றார் சிலிண்டர். "நீங்க இறங்கிப் பாக்குறீங்க பாருங்க, அதுலதான் எல்லாம் கெட்டுப்போகுது. இறங்கிப் பாத்தா யாரு நிக்கிறான்னு தெரிஞ்சுபோயிடுது. அப்புறம் எப்படித் தப்புறது?"

வீடு திரும்பும் வழி முழுக்க மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டினால் சமாளித்துவிடுவார். பேசாமல் வந்தால்தான் அவருக்குக் கை கால் ஓடாது.

திங்கட்கிழமை காலை தகரக் கூரை அறைக்குப் போய் நின்றார்.

"சார், இருபத்திரண்டு வருஷம். ஒரு பூனை வாலைக்கூட மிதிச்சதில்ல."

"அதானேய்யா பிரச்சினை," என்றார் அதிகாரி, நிஜமான அனுதாபத்தோடு. "இருபத்திரண்டு வருஷமா உங்களுக்கு ஒரு அனுபவமுமே கிடைக்கல."

"நான் இறங்கிப் பாக்குறேன் சார். அதனால..."

"இறங்கிப் பாக்கணும்னு வழிகாட்டி ஏட்டுல எங்கேயாவது இருக்கா? ரிவர்ஸ் போடணும், பீப் சத்தம் வரும், மூணு எண்ணணும், எடுக்கணும். பீப் சத்தம் எதுக்கு வச்சிருக்கு? ஒதுங்குறது பாதசாரியோட கடமை. நீங்க இறங்கிப் பாத்தா, அவங்க கடமையை நீங்க செய்றீங்க. தப்பில்லையா?"

டொக்டொக்குக்கு அது தப்பாகப் படவில்லை. ஆனால் நாற்காலி கண்முன் வந்தது. தலையாட்டி வைத்தார்.

"மனசை விடாதீங்க," என்றார் அதிகாரி. "இருபத்தஞ்சாம் தேதி மேலிடத்துலேருந்து பார்வைக் குழு வருது. அவங்க முன்னாடி மயிரிழையில தப்புற ஒரு தப்பு, பத்துத் தப்புக்குச் சமம். அதுக்குள்ள நீங்களும் ஏழு எட்டு தேத்திட்டா சகலையைத் தாண்டிடலாம்."

சகலையைத் தாண்டலாம்! அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மறுநாளே டொக்டொக் தப்பு தேடிப் புறப்பட்டார்.

முதலில் வாசல் காவலாளியிடம் போய், விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். காவலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, என்னை விட்டுடுங்க. இந்த மாசம் முழுக்க சிலிண்டர் என்னைச் சொல்லி வச்சிருக்கார். எனக்கும் நெஞ்சு ஒண்ணுதானே இருக்கு?"

சந்துக்குள் வந்தார். இறங்காமல், சுற்றாமல், ரிவர்ஸ் போட்டார். பீப் பீப் என்றது. ஒருவரும் நகரவில்லை. நகராதது மட்டுமில்லை, கட்டுப் போட்ட காலோடு ஒருவர் அவர் வண்டியின் பின்கதவில் வசதியாகச் சாய்ந்துகொண்டு போன் பேசிக்கொண்டிருந்தார். டொக்டொக் ஹாரனை அழுத்தினார். டீக்கடைப் பெண் ஓடிவந்து ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, உடம்பு சரியில்லையா? ஹாரன் மேல சாஞ்சுட்டீங்களா?"

"இல்லம்மா. வண்டி எடுக்கப் போறேன். ஒதுங்குங்க."

"எடுங்களேன். நீங்கதான் இன்னும் தட்டவே இல்லையே?"

அதுதான் சங்கதி. அவர் தட்டும் வரை வண்டி நகராது என்று அந்தச் சந்துக்கே தெரியும். சிலிண்டர் வண்டியின் உறுமல் கேட்டாலே சக்கர நாற்காலிக்காரர்கூட எழுந்து ஓடிவிடுவார். டொக்டொக் வண்டிக்குப் பின்னால் நின்றபடி ஜனங்கள் செருப்பு வார் மாட்டினார்கள், பழம் உரித்தார்கள், பிள்ளைக்குப் பால் புகட்டினார்கள். பத்து நாள் முயன்றார். ஒரு ஆளைக்கூடப் பதற வைக்க முடியவில்லை. சிலிண்டரின் படிவம் மட்டும் நாள்தோறும் பெட்டியில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இருபத்தைந்தாம் தேதி வந்தது. பார்வைக் குழுவில் மூன்று பேர். அவர்களுக்காகச் சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடுகளின்மேல் பந்தல் போட்டிருந்தார்கள். உண்மையாக நடந்து போகிறவர்களால் பாதுகாப்பு நிகழ்ச்சிக்கு இடையூறு வரலாம் என்று அவர்களையெல்லாம் வாசலிலேயே கயிறு கட்டி நிறுத்திவிட்டார்கள்.

"எனக்குக் கட்டுப் பிரிக்கணுங்க. ஒம்பது மணிக்கு வரச் சொன்னாங்க," என்று கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் ஊன்றுகோலை ஆட்டினார்.

"உங்க பாதுகாப்பு விஷயமாத்தான் பேசிக்கிட்டிருக்காங்க. கொஞ்சம் பொறுங்க," என்றார் காவலாளி.

பாதசாரி இல்லாமல் எப்படித் தப்புவது? அதற்குப் பதிவறை எழுத்தரை நியமித்திருந்தார்கள். பச்சைச் சட்டை. முதுகில் பெரிய எழுத்தில் 'பாதசாரி'. விசில் ஊதினால் அவர் துள்ளி ஒதுங்க வேண்டும். மூன்று நாள் ஒத்திகை பார்த்து முழங்காலில் சுளுக்கோடு நின்றார். படிவங்கள்கூட முன்கூட்டியே எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டுத் தயாராக இருந்தன.

சிலிண்டர்தான் முதலில். வண்டி ஆட்டுக்கல் உருள்வதுபோல் கடகடவென்று பின்னால் வந்தது, விசில் ஊதியது, எழுத்தர் துள்ளினார், சக்கரம் அவர் செருப்பில் ஒன்றின்மேல் ஏறி இறங்கியது. பந்தலில் கைதட்டல் வானைப் பிளந்தது. "அருமை!" என்றார் குழுவின் தலைவி. "செருப்பு போயிருக்கு, கால் போகல. இதுதான் பாதுகாப்பு!"

அடுத்தது சலவை வண்டி.

டொக்டொக் இறங்குவதில்லை என்று முந்தின நாளே மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். அவள் ஏனோ 'சரி' என்று சொல்லவில்லை. இப்போது இருக்கையில் இறுக உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிந்த ஸ்டிக்கரின் முதுகைப் பார்த்தார். ஆணியில் தொங்கும் தங்க பிரேமை நினைத்தார். கை வைத்த நாற்காலியில் அந்த ஆரஞ்சுச் சட்டை உட்கார்ந்து சிரிப்பதை நினைத்தார். அவனா? நாலு வருஷம் ஆன அவனா? பற்களைக் கடித்துக்கொண்டு ரிவர்ஸ் போட்டார். பீப். பீப். மூன்று எண்ணினார். வண்டி ஒரு சாண் நகர்ந்தது.

அத்தோடு சரி. பிரேக்கை மிதித்தது எந்தக் கால் என்று அவருக்கே தெரியவில்லை. கை கதவைத் திறந்துவிட்டது. 'ஏறுடா, ஏறுடா' என்று மனசு கத்தியது, உடம்பு இறங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக இறங்கிப் பழகிய உடம்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை. விசில் விடாமல் ஊதியது. எதிர்ப் பக்கம் நின்ற பச்சைச் சட்டைக்காரர் துள்ளுவதா வேண்டாமா என்று தெரியாமல் அரைத் துள்ளலில் நின்றார்.

டொக்டொக் வண்டியைச் சுற்றிப் பின்னால் வந்தார்.

அங்கே சிலிண்டர் நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தார். வியர்வை தாங்காமல் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றியபோது பேட்ஜ் உருண்டு வண்டிக்கடியில் போயிருந்தது. தலையும் ஒரு தோளும் பம்பருக்குக் கீழே இருந்தன. அவர் கழுத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி.

"என்னடா பண்ற இங்க?" டொக்டொக் குனிந்து கத்தினார்.

சிலிண்டர் தலையைத் திருப்பிச் சக்கரத்தைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"பேட்ஜ், அண்ணே."

"பீப் சத்தம் கேக்கல?"

"காலையிலேருந்து அதுதானே கேக்குது. யாரு கவனிக்கிறா?"

டொக்டொக் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். பேட்ஜையும் எடுத்து, ஊதி, கையில் கொடுத்தார். பிறகு தன்னை அறியாமல் பின்கதவில் இரண்டு தட்டுத் தட்டினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டம் அந்தச் சத்தத்தைக் கேட்டதும், வழி திறந்துவிட்டதென்று நினைத்துக் கிளம்பப் பார்த்தது.

பந்தலுக்குக் கூப்பிட்டார்கள்.

"ஏதாவது நடந்துதா?" என்று கேட்டார் தலைவி.

"இல்லீங்க."

"நடக்கப் போச்சா?"

"நான் இறங்கிட்டேங்க. அதனால நடக்கப் போகலைங்க."

தலைவி படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நடக்கவும் இல்ல, நடக்கப் போகவும் இல்ல. அப்ப இதுல எழுதுறதுக்கு என்ன இருக்கு? உங்களை மாதிரி எல்லாரும் இறங்கிப் பாக்க ஆரம்பிச்சா இந்தப் பிரிவு எதுக்கு?"

கேள்வி நியாயமானது. அதிகாரிதான் சமயோசிதமாகச் சிலிண்டர் பக்கம் திரும்பினார்.

"நீங்க பயந்தீங்களா?"

"செத்தே போயிட்டேன் சார்."

"அப்ப அது உங்க படிவம்! ஓட்டுநராகவும் பாதசாரியாகவும் தப்பிச்ச முதல் ஆள் நீங்கதான். குழு முன்னாடி நடந்ததால பத்துக்குச் சமம்!"

சிலிண்டர் பேனாவை வாங்கினார். டொக்டொக்கை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்க முயன்று, முடியாமல், கையெழுத்துப் போட்டார். முதல் தேதி காலை கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

டொக்டொக்குக்கு ஒரு காகிதம் வந்தது. சாயங்காலம் மனைவி அதைச் சத்தமாகப் படித்தாள்.

"ஒண்ணு: அனுமதியின்றி வண்டியிலிருந்து இறங்கியது. ரெண்டு: இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை மருத்துவமனைச் சொத்தான பின்கதவைத் தட்டியது." அவள் நிறுத்தினாள். "மூணு: வளாகத்தில் நடமாடுவோர் தங்கள் வண்டிக்குப் பின்னால் எவ்வித அச்சமுமின்றி நிற்பதும் நடப்பதும் விசாரணையில் தெரியவந்துள்ளது. இந்த அச்சமின்மைக்குத் தாங்களே முழுப் பொறுப்பு என்று ஏன் கருதக்கூடாது? ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்."

மூன்றாவதை அவள் இன்னொரு தடவை படித்தாள், மெதுவாக.

"என்ன பதில் எழுதப் போறீங்க?"

"ஆமாங்கன்னு எழுதிட்டேன்."

அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால், அதே காகிதம். பிரேம் போட்டிருந்தாள். தங்கையின் புருஷன் படத்துக்கு வைத்ததைவிட இரண்டு விரல் அகலம் கூடுதல். அளவு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அம்மா வீட்டுக் கூடத்தில் தானே ஆணி அடித்து, அந்தப் படத்துக்கு ஒரு முழம் மேலே மாட்டினாள்.

சிலிண்டர் அதன் கீழே நின்று படித்தார். மூன்றாவதுக்கு வந்ததும் உதடு அசைவது நின்றுபோயிற்று.

"அண்ணே," என்றார் கடைசியில். "எனக்கு இந்த மாதிரி ஒண்ணு யாரும் எழுதித் தர மாட்டாங்க, இல்ல?"

குரலில் இருந்தது பொறாமை. அசல் பொறாமை. டொக்டொக்குக்கு அது நன்றாகவே அடையாளம் தெரியும். ஒரு மாதமாக அவர் வயிற்றில் குடியிருந்ததாயிற்றே. 'வாங்கிக்கோ!' என்று மனசுக்குள் குதித்தார். வெளியே, "அதெல்லாம் கிடைக்கும், கிடைக்கும்," என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

புறப்படும் நேரம். வாசலில் சிலிண்டரின் புது ஜீப் நின்றது. மாமியார் அதற்குப் பின்னால் நின்று பெரிய மகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சிலிண்டர் சாவியைத் திருகினார். உறுமல் கேட்டதுதான் தாமதம், மாமியார் புடவையைத் தூக்கிக்கொண்டு மூன்று படி தாவி வீட்டுக்குள் ஓடினார். அந்த வயதில் அப்படி ஒரு ஓட்டத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

சிலிண்டர் அதைக் கண்ணாடியில் பார்த்தார். சாவியைத் திருப்பி அணைத்தார். பிறகு இறங்கினார். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து அடியில் பார்த்தார். பின்கதவில் விரலை மடக்கித் தட்டினார்.

மாமியார் மெல்ல எட்டிப் பார்த்து, படியிறங்கி வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

"பாத்தியா?" டொக்டொக் மனைவியின் காதைக் கடித்தார். "நாற்காலியைத்தான் எடுத்துக்கிட்டான்னு பாத்தா, தட்டுறதையும் எடுத்துக்கிட்டான்!"

"அவர் மூணு தட்டு தட்டினார்," என்றாள் மனைவி. "நீங்க ரெண்டுதானே தட்டுவீங்க?"

மறுநாள் காலை சலவை வண்டியின் பின்கதவில் நான்கு தட்டு விழுந்தது.